பனி மூடிய பேர்ண் நகரை மட்டக்களப்புச் சுவரில் மாட்டுவது எப்படி: கமரா முதல் ஆணி வரை முழு வழிகாட்டி

நான் முதல் தடவை பிரேம் போட்ட பனிப் படம் ஒரு மாரியைக்கூடத் தாண்டவில்லை. சுவிஸில் இருக்கும் அக்காவின் மகன் எடுத்த படம் அது. பேர்ண் நகரத்தின் பழைய ஓட்டுக் கூரைகள், நடுவே தேவாலயக் கோபுரம், எல்லாவற்றின் மேலும் பஞ்சு அடுக்கினது போல வெண்பனி. கல்லடியில் எங்கள் வீட்டு ஹோலில் ஆசையாக மாட்டினேன். தை மாதம் கழற்றிப் பார்த்தால், வானப் பகுதி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இழுத்தால் தோல் மாதிரி உரிந்து வருகிறது. ஒட்டாத இடங்களில் பூஞ்சணம் புள்ளி வைத்திருந்தது. பின்பலகையில் பல்லி இரண்டு முட்டை ஒட்டியிருந்தது. மொத்தத்தில் சேதமில்லாமல் இருந்தவை அந்த முட்டைகள் மட்டும்தான்.

இரண்டாவது தடவை ஒவ்வொரு வேலையையும் யோசித்துச் செய்தேன். அந்தப் படம் ஐந்து மாரி கண்டுவிட்டது, பனி இன்னும் பனியாகத்தான் இருக்கிறது. அந்த இரண்டு தடவையிலும் படித்ததை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். கியூபெக், பிராக், எடின்பரோ என்று உங்கள் சொந்தக்காரர் எந்த ஊரிலிருந்து அனுப்பினாலும் முறை ஒன்றுதான். பனிப் படத்தில் முக்கால்வாசி வெள்ளை. மஞ்சளிப்பு, பச்சை, தூசி, கறை என்று வேறு படங்களில் ஒளிந்துகொள்ளும் குற்றமெல்லாம் வெள்ளையில் வெளியே வந்து நிற்கும். ஆகவே கீழே சொல்வதெல்லாம் அந்த வெள்ளையைக் காப்பாற்றும் வேலைதான்.

1. படம் எடுப்பவருக்குச் சொல்லவேண்டியது

மருமகன் முதலில் அனுப்பிய படங்களைப் பற்றி அவனே போனில் குறைப்பட்டான்: "மாமா, கண்ணால பாக்கக்குள்ள பால் மாதிரி வெள்ளை, படத்தில சாம்பல் விழுந்திருக்கு." குற்றம் அவன் மேல் இல்லை. கமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாகக் கணக்குப் போடும். திரை முழுக்க வெள்ளை நின்றால், "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று நினைத்துக் குறைத்துவிடும். அதனால் பனியில் எடுக்கும்போது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கமரா கணித்த வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 முதல் +2 வரை கூட்டச் சொல்லுங்கள். வெயில் விழுந்த புதுப் பனிக்கு +2 பக்கம், மூட்டமான நாளில் +1 பக்கம். கமராத் திரையில் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்தான் ஹிஸ்டோகிராம். அதன் மேடு வலப்பக்கச் சுவரை நெருங்க வேண்டும், முட்டக்கூடாது. முட்டினால் அந்த இடத்துப் பனியில் பிரிண்டரால் ஒரு புள்ளி மைகூட வைக்க முடியாது, வெறும் தாள்தான் தெரியும். கமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ரா (RAW) பைலாக எடுப்பது மிக நல்லது.

எங்கே நின்று எடுப்பது என்பதும் முக்கியம். பேர்ண் 1191இல் உருவான ஊர். 1405இல் பெருந்தீ வந்து மரவீடுகளை அழித்த பிறகு மணற்கல்லால் திரும்பக் கட்டினார்கள். 1983இல் யுனெஸ்கோ பழைய நகரத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆரே ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓட, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிற நிலம் அது. மட்டக்களப்பு நகரின் புளியந்தீவை வாவி சுற்றி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வளைவு கண்ணில் சட்டென்று ஒட்டும். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் படத்துக்கு முன் நின்றுவிடுவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த வளைவுக்கு மேலே ஆற்றின் எதிர்க்கரையில் ரோசன்கார்ட்டன் என்ற பூங்கா இருக்கிறது. அங்கே நின்றால் கூரைகள் முழுதும் காலுக்குக் கீழே கிடக்கும். 1421இல் அடிக்கல் நாட்டி, 1893இல்தான் கோபுரம் கட்டி முடித்த மியுன்ஸ்டர் தேவாலயம் 100 மீற்றர் உயரத்தில் நடுவே எழும்பி நிற்கும்.

பொழுது சாய்ந்து தெருவிளக்கு எரியத் தொடங்கும் நேரம் எடுக்கச் சொன்னேன். நீலப் பனி, மஞ்சள் யன்னல்கள். நடுப்பகலில் எடுத்தால் அழகுதான், ஆனால் தபால் அட்டை மாதிரி இருக்கும்.

இன்னொன்று. குளிரில் நின்ற கமராவை அப்படியே சூடான வீட்டுக்குள் கொண்டுபோனால் வில்லையில் நீர் படியும். வெளியிலேயே பொலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டிவிட்டு உள்ளே கொண்டுபோய், சூடு ஏறிய பிறகுதான் திறக்க வேண்டும். இங்கே ஏசி அறையிலிருந்து முற்றத்துக்கு வந்தால் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதே சங்கதி.

2. பைலை முழுசாக வாங்குங்கள்

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் பெரும்பாலும் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும், அப்படியென்றால் அதில் 5 அங்குலம் சொச்சம்தான் தேறும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கூகுள் டிரைவில் போடச் சொல்லுங்கள். 24 மெகாபிக்சல் கமரா படம் 6000க்கு 4000 பிக்சல். அதில் 18க்கு 12 அங்குலம் தாராளமாகப் போடலாம். இந்த வழிகாட்டியில் அந்த அளவையே வைத்துக்கொள்கிறேன்.

படம் சொந்தக்காரர் எடுத்ததாக இல்லாவிட்டால், எடுத்தவரிடம் காசு கொடுத்து வாங்குங்கள். கலைஞர் கையெழுத்துப் போட்ட பிரிண்ட் என்றால் 3ஆம், 4ஆம் படிகளைத் தாண்டி 5ஆம் படிக்குப் போகலாம்.

3. வெள்ளையைச் சரிசெய்து பரிசோதனைப் பிரிண்ட் போடுவது

லைட்ரூமோ ஸ்னாப்சீடோ, எதில் திருத்தினாலும் 0 முதல் 255 வரையான அளவுகோலில் மிகப் பிரகாசமான பனி 240க்கும் 248க்கும் இடையில் நிற்கட்டும். 255ஐத் தெருவிளக்குக்கு விட்டுவிடுங்கள்.

நிழல் விழுந்த பனியில் நீலம் தெரியும். நீல வானத்தின் வெளிச்சம் மட்டுமே அங்கே விழுவதால் அது இயற்கையாக வருவது. ஆட்டோ பட்டனை அழுத்தி அந்த நீலத்தைக் கழுவினால் பனி செத்துவிடும், கோதுமை மா கொட்டினது போல ஆகிவிடும். பேர்ணில் இன்னொரு சிக்கல், அந்த ஊர் மணற்கல் இலேசாகப் பச்சை கலந்த சாம்பல். பனியை வெளுக்கப் போய்க் கல்லின் நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பைலைச் சேமிக்கும்போது நிறவெளி (கலர் ஸ்பேஸ்) என்ற இடத்தில் எஸ்ஆர்ஜிபி (sRGB) என்பதைத் தெரிவு செய்யுங்கள். கடைக்குக் கொடுப்பதற்கு முன், படத்தில் பனியும் கல்லும் யன்னல் வெளிச்சமும் சேர்ந்து வரும் ஒரு துண்டை வெட்டி 6க்கு 4 அங்குலத்தில் ஒரு பிரிண்ட் போடச் சொல்லுங்கள். அதைக் கடை டியூப் லைட்டில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, எந்தச் சுவரில் மாட்டப்போகிறீர்களோ அங்கேயே பகலில் ஒருதரம், இரவு விளக்கில் ஒருதரம் பாருங்கள். எனக்கு மூன்று துண்டு தேவைப்பட்டது. முதலாவது இருட்டு. லப்டொப் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தியதன் பலன் அது.

4. தாள்

நம் பக்கம் ஸ்டூடியோக்களில் பெரும்பாலும் கிடைப்பது லேப் பிரிண்ட். மேலே ஜெலட்டின் பூச்சு இருக்கும். ஜெலட்டின் மிருகத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. பூஞ்சணத்துக்கு அது விருந்து, ஈரம் பட்டால் பசையும் ஆகிவிடும். என் முதல் படம் கண்ணாடியில் ஒட்டியது இதனால்தான். குடும்பப் படத்துக்கு லேப் பிரிண்ட் தாராளம், கண்ணாடியில் முட்டாமல் இருந்தால் போதும். ஆண்டாண்டுக்கு இருக்கவேண்டிய படத்துக்கு, மினுக்கமில்லாத பருத்தித் தாளில், பிக்மென்ட் மை (கரையாத நிறத்துகள் கொண்ட மை) போட்ட இன்க்ஜெட் பிரிண்ட் எடுங்கள். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) பக்கம் இருந்தால் நெளியாது. கொழும்பில் செய்வித்து எடுக்கலாம், அல்லது சுவிஸிலேயே பிரிண்ட் போட்டுக் குழாயில் சுருட்டி அனுப்பச் சொல்லலாம். குழாய் 3 அங்குல விட்டத்துக்குக் குறையக்கூடாது.

தாள் தெரிவு செய்யும்போது மிக வெள்ளையானதைத் தொடாதீர்கள். சலவைத் தூளில் நீலம் போடுவது போல, அந்தத் தாள்களில் ஒளியூட்டி இரசாயனம் சேர்த்திருப்பார்கள். பகல் வெளிச்சத்தில் பளீர் என்றிருக்கும். எல்ஈடி விளக்கில் புறவூதா இல்லாததால் இரவில் அந்தப் பளீர் காணாமல் போய்விடும். வருடம் போகப்போக இரசாயனம் தளர்ந்து தாளும் மஞ்சளிக்கும். இயற்கை வெள்ளை என்று விற்கும் தாள் முதல் நாளில் கொஞ்சம் மங்கலாகத் தோன்றினாலும் பத்தாம் வருடத்திலும் அப்படியே இருக்கும்.

படத்தைச் சுற்றி ஒரு அங்குலம் வெறும் தாள் விடச் சொல்லுங்கள். 18க்கு 12 படம் என்றால் தாள் 20க்கு 14. ஏன் என்று 6ஆம் படியில் விளங்கும்.

5. மவுண்ட்: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்

மவுண்ட் என்பது படத்தைச் சுற்றி யன்னல் மாதிரி வெட்டி வைக்கும் அட்டை. பிரேம் கடைத் தம்பி என்னிடம் கேட்டார்: "வெள்ளைப் படத்துக்கு வெள்ளை மவுண்ட்தானே அண்ணே எடுப்பா இருக்கும்?" நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் இரண்டு துண்டை எடுத்துப் பிரிண்டின் ஓரத்தில் வைத்துக் காட்டினார். பளீர் வெள்ளை அட்டைக்குப் பக்கத்தில் என் பனி, மழை நாளில் காயப்போட்ட வேட்டி மாதிரி ஆகிவிட்டது. இலேசான தந்த நிறத்தை வைத்ததும் பனி எழும்பி நின்றது. அட்டையின் இளஞ்சூடான நிறத்துக்குப் பக்கத்தில் கண் பனியின் நீலத்தைக் கூடுதலாகப் பார்க்கிறது. மெல்லிய சாம்பலும் சரிவரும். எதை எடுத்தாலும் படத்திலுள்ள மிகப் பிரகாசமான பனியைவிட ஒரு படி மங்கலாக இருக்க வேண்டும். பிரிண்டை எடுத்துக்கொண்டு நேரில் போய் வைத்துப் பார்க்காமல் மவுண்ட் சொல்லாதீர்கள்.

அசிட் ஃப்ரீ (அமிலம் இல்லாத) அட்டைதான் வேண்டும் என்று கேளுங்கள். வீட்டில் பழைய பிரேம் ஏதாவது இருந்தால் மவுண்டின் வெட்டுவாயைப் பாருங்கள், பழுப்புக் கோடு ஓடியிருந்தால் அது அமிலத்தின் வேலை. அந்தப் பழுப்பு பிறகு படத்துக்கும் இறங்கும்.

அளவுகள்: யன்னல் 17¾க்கு 11¾ அங்குலம், அதாவது படத்தின் ஒவ்வொரு ஓரத்திலும் 3 மில்லிமீற்றர் மறையும். மேலேயும் இரண்டு பக்கங்களிலும் 3 அங்குல அட்டை, கீழே 3½. கீழே கொஞ்சம் கூட விடாவிட்டால் படம் சறுக்கி விழுவது போலக் கண்ணுக்குத் தோன்றும். மொத்த அட்டை 23¾க்கு 18¼. கையெழுத்துப் போட்ட பிரிண்ட் என்றால் யன்னலைச் சற்றுப் பெரிதாக வெட்டிக் கையெழுத்து தெரிய விடுங்கள்.

மவுண்ட் அழகுக்கு மட்டும் இல்லை. அதன் தடிப்புத்தான் படத்தைக் கண்ணாடியில் முட்டாமல் பிடிக்கிறது. ஒற்றை அட்டை 1½ மில்லிமீற்றர் வரும். நம் காற்றுக்கு இரண்டு அட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது நிம்மதி.

6. படத்தை ஒட்டாமல் பிடிப்பது

செலோடேப் வேண்டாம், ஃபெவிகோல் வேண்டாம், முழு முதுகையும் பலகையில் ஒட்டுவது அறவே வேண்டாம். மாரியில் தாள் ஈரம் குடித்து விரியும், கோடையில் சுருங்கும். நாலு பக்கமும் கட்டிப்போட்டால் நடுவில் அலை எழும்பும். கோதுமை மாப் பசையும் நம் வீடுகளுக்கு ஆகாது. கரப்பானும் இராமபாணப் பூச்சியும் அதைத் தேடி வரும்.

செய்யவேண்டியது இதுதான். அசிட் ஃப்ரீ தாளில் ஒரு அங்குல அகலப் பட்டி வெட்டி, இரண்டு முனையையும் பின்பக்கமாக மடித்தால் முக்கோணப் பை வரும். பழைய அல்பங்களில் படத்தின் மூலை செருகி வைப்போமே, அதே மாதிரி. நாலு மூலைக்கும் நாலு பை. பிரிண்டின் மூலைகளைச் செருகி, பையின் பின்பக்கத்தை மட்டும் பின் அட்டையில் ஒட்டுங்கள். மேலேயும் பக்கங்களிலும் ஒரு மில்லிமீற்றர் இடம் விடுங்கள், தாள் மூச்சுவிட. சுற்றிவர ஒரு அங்குலம் வெறும் தாள் விடச் சொன்னது இந்தப் பைகளுக்காகத்தான். அது இல்லாவிட்டால் பைகள் யன்னலுக்குள் எட்டிப்பார்க்கும்.

குழாயில் வந்த பிரிண்டை உடனே பையில் செருகாதீர்கள். சுத்தமான வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே பலகையும் இரண்டு தடித்த புத்தகமும் ஏற்றி ஒரு நாள் விடுங்கள். கையில் பருத்தி உறை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் விரல் எண்ணெய் இன்று தெரியாது, அடுத்த வருடம் தெரியும்.

7. கண்ணாடியும் சட்டமும்

சாதாரணக் கண்ணாடியில் இரும்பு கலந்திருப்பதால் இலேசான பச்சை இருக்கும், ஓரத்தில் பார்த்தால் தெரியும். 2 மில்லிமீற்றர் கண்ணாடி என்றால் படத்தில் அது பெரிதாக உறைக்காது, 4 எடுத்தால் பனியில் தெரியும். சொரசொரப்பாக்கிய 'நொன் ரிஃப்லெக்ஷன்' கண்ணாடி பனியின் நுணுக்கத்தையெல்லாம் புகையாக்கிவிடும், எனக்குப் பிடிக்காது. அக்ரிலிக் பாரத்தில் கண்ணாடியின் பாதிதான். ஆனால் தூசியை இழுக்கும், கீறும்.

சட்டம்: நன்றாகக் காய்ந்த தேக்கு அல்லது முதிரை. பச்சை மரத்தில் செய்தால் முதற் கோடையிலேயே மூலை வாய் பிளக்கும். கறையான் உள்ள வீடு என்றால் அலுமினியமே மேல். கடும் பழுப்போ கறுப்போ, முக்கால் அங்குல அகலத்தில் ஒடுக்கமாக இருந்தால் போதும். தங்க நிறப் பூவேலைப்பாடு சாமிப் படத்துக்கு அழகு, பனிக்கு அது சண்டை. கண்ணாடி, இரண்டு மவுண்ட், பின் அட்டை, பின்பலகை எல்லாம் சேர ஏறக்குறைய 11 மில்லிமீற்றர் வரும். ஆகவே சட்டத்தின் உட்பள்ளம் அரை அங்குலத்துக்குக் குறையக்கூடாது. கடையில் சட்டத்தின் முகப்பைப் பார்த்து ஆழத்தை மறந்துவிடுவது வழக்கமான பிழை.

8. கச்சான் அடிக்கும் நாளில் மூடுங்கள்

கொறிக்கிற கச்சானைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்கிறேன். ஈரப்பதன் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் வேலையைத் தொடங்கும். மார்கழியில் பிரேமை மூடினால் மார்கழிக் காற்றையே உள்ளே பூட்டி வைக்கிறோம். கோடையில் தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் தீர்ந்து நம் பக்கம் இறங்கும். இறங்க இறங்க 100 மீற்றருக்கு ஒரு பாகை அளவில் சூடேறும். உதடு வெடிக்கவைக்கும் அந்தக் கச்சான்தான் பிரேம் போட ஏற்ற காற்று. ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளிலும் இதே விதமாக மலை தாண்டி இறங்கும் காற்று உண்டு, பெயர் ஃபோன் (Föhn). அது அடித்தால் பனி மளமளவென்று கரைந்துபோகும். அங்கே பனியைத் தின்கிற காற்றின் தம்பி இங்கே பனிப் படத்தைக் காப்பாற்றுகிறான்.

கடற்காற்று திரும்புவதற்கு முன், காலை பத்து மணிவாக்கில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஏசி அறை இருந்தால் பிரிண்ட், அட்டை எல்லாவற்றையும் முதல்நாள் இரவே அதற்குள் வைத்து, அங்கேயே மூடலாம். அப்புறம் வரிசை இப்படி: கண்ணாடி, மவுண்ட், படம் செருகிய பின் அட்டை, அதற்குப் பின் பிளாஸ்டிக் அட்டை. பெயர்ப்பலகை செய்கிற கடைகளில் நடுவே குழல் குழலாக இருக்கும் அட்டை உண்டே, அதுதான். ஹாட்போட் ஈரத்தைக் குடித்து ஊறும், இது குடிக்காது. நாலையும் ஒன்றாகப் பிடித்து, ஏசி திருத்துகிறவர்கள் குழாயில் சுற்றும் அலுமினிய டேப்பால் நாலு ஓரத்தையும் மூடுங்கள். கண்ணாடியின் முன்பக்கம் 2 மில்லிமீற்றர் மட்டும் ஏறினால் போதும், சட்டம் அதை மறைத்துவிடும். மூடுவதற்கு முன் சாய்வாக டோர்ச் அடித்துத் தூசி பாருங்கள். மூடிய பிறகு பனியில் ஒரு கறுப்பு மயிர் தெரிந்தால் வருடம் முழுக்க அது உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அனுபவம்.

9. சுவரும் ஆணியும்

மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். ஐமிச்சம் என்றால் மாரியில் ஒரு அடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். பொலித்தீனின் உட்பக்கம் வேர்த்திருந்தால் சுவர் ஈரம். கிழக்கு யன்னலின் காலை வெயில் நேராக விழும் இடமும் கூடாது.

படத்தின் நடு, தரையிலிருந்து 145 முதல் 150 சென்ரிமீற்றரில் நிற்கட்டும். 6 மில்லிமீற்றர் துளை போட்டு பிளக் இறக்கி, அரை அடி இடைவெளியில் இரண்டு கொளுக்கி. கடலுப்புக்கு இரும்பு தாங்காது, கொளுக்கியும் கம்பியும் ஸ்டெயின்லெஸ் அல்லது பித்தளை. சட்டத்தின் பின்புறக் கீழ்மூலைகளில் பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய அரை அங்குலத் துண்டுகளை ஒட்டுங்கள், சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று ஓடும். விளக்கு 4000 கெல்வின் எல்ஈடி போதும். மஞ்சள் விளக்கில் பேர்ண் முழுக்க நெய் தடவினது போல இருக்கும்.

மாரி முடிந்து பங்குனி வாக்கில் ஒருதரம் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும், பல்லி வந்து போயிருக்கும், டேப் எங்காவது கிளம்பியிருக்கும். கிளம்பிய இடத்துக்கு மேல் புது டேப் போடுங்கள். கண்ணாடி துடைக்கும்போது தண்ணீரைத் துணியில்தான் தெளிக்கவேண்டும். கண்ணாடியில் தெளித்தால் வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கும், இரண்டு மாதம் கழித்து மவுண்டின் அடியில் பழுப்பாக ஏறி வரும்.